நில்லுங்க்கா

பட்டை நகர்கிற மாதிரியே இல்லை. நகர்கிறது என்று பக்கத்திலிருக்கிற சதவீத எண் சத்தியம் செய்கிறது, ஆனாலும் திரையில் அந்தப் பச்சை அப்படியே சோம்பேறியாகக் கிடக்கிறது என்றுதான் அரசிக்குத் தோன்றியது. எழுந்து போய் ஒரு தட்டு தட்டினால் என்ன? தட்டக் கூடாது. இரண்டு கையும் மடியிலிருக்கிற தாள்களின் மேல் இருக்க வேண்டும், இருக்கின்றன, நல்ல பிள்ளைகளாகத்தான் இருக்கின்றன, வலது சுண்டுவிரல் மட்டும் தாளின் ஓரத்தில் இல்லாத என்டர் கீயை அழுத்திக்கொண்டே இருந்தது. சரவணம்பட்டியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், மொத்தத் தளத்திலும் மூன்றே பேர். ஞாயிறென்றால் ஏசி கிடையாது, செக்யூரிட்டி எங்கிருந்தோ தூக்கி வந்து வைத்த ஒரு ஸ்டாண்டு ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது, திரும்பும்போதெல்லாம் முனகியது. இங்கே திரும்பினால் அரசியின் தாள்கள் படபடக்கும், அங்கே திரும்பினால் கீபோர்டுக்கு முன்னால் இருந்த கோகிலவாணியின் துப்பட்டா பறக்கும். வாணி, மூன்று வருஷமாக அரசியோடு வேலை பார்க்கிற பெண், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையில் இர்ஃபான், காதில் ஹெட்போன், வாடிக்கையாளர் யாராவது கூப்பிட்டால் சமாளிப்பது அவன் பொறுப்பு. யாரும் கூப்பிடவில்லை, அதனால் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தான். அரசி இவர்களுக்கு மேனேஜர். கழுத்தில் தொங்குகிற அட்டையில் மங்கையர்க்கரசி என்று இருக்கும், அவ்வளவு நீளத்துக்கு இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. மேனேஜராகி அரை வருஷம்தான். அதற்கு முன்னால் இந்த நிறுவனத்தில் டேட்டாபேஸ் என்றாலே அவள்தான், எங்கே சிக்கினாலும் 'அரசியக்காவைக் கூப்பிடு' என்பார்கள், வருவாள், நாற்காலியை இழுத்துப் போடுவாள், கீபோர்டில் நாலு வரி அடிப்பாள், சரியாகும், போவாள். எவ்வளவு நிம்மதியான பிழைப்பு அது, அப்போது தெரியாமல் போய்விட்டது.

அடிக்கத் தெரிந்தவளை அடிக்காமல் உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? இப்படித்தான் இருக்கும். உள்ளங்கை வியர்த்துத் தாளின் ஓரம் நமுத்துப்போயிருந்தது. இந்தத் தாளை எழுதியதும் அவள்தான், இந்த முறையைக் கொண்டுவந்ததும் அவள்தான். உண்மையான நோயாளிகளின் தகவலில் கை வைக்கிறபோது தனியாக யாரும் அடிக்கக் கூடாது. ஒருத்தர் தாளைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும், அடிக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும், வாசிக்கிறவர் திரையைப் பார்த்துவிட்டு 'சரி' என்றால்தான் என்டர். இரண்டு பேரில் யாருக்கு எந்த நிமிஷம் மனசு உறுத்தினாலும் 'நில்' என்று சொல்லலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சொன்னவுடன் அடிக்கிறவர் இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். நல்ல முறை. எல்லாரும் பாராட்டினார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள் இது, விளையாட்டில்லை, பழைய இடத்தில் கிடக்கிற வருஷக்கணக்கான முடிவுகளைப் புது இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் ஈரோட்டுக் கூடங்கள், இன்றைக்குக் கோயமுத்தூர், அடுத்த மாதம் சேலம். ஒவ்வொன்றும் இரண்டு தவணை. இதில் ஒரு தொல்லை உண்டு. புது இடத்துக்குள் ஒரு முடிவு நுழைந்தால் நோயாளியின் போனுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போய்விடும், ஏற்பாடு அப்படி. ஒவ்வொன்றாகப் போகாது, சேர்ந்து சேர்ந்து சில நிமிஷத்துக்கு ஒரு கட்டாகப் போகும். அதனால் பழசை மாற்றுவதற்கு முன்னால் அனுப்புவதை நிறுத்தி வைக்க வேண்டும். முதல் தவணை முடிந்ததும் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் முடிவு வராமல் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் தாளில் இருக்கிறது. எல்லாம் அரசிக்கு மனப்பாடம். அவள் வாசிக்க வேண்டியதுகூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாணியின் மேசைக்குப் போய் நின்று, "ஞாயித்துக்கிழமை நீ அடி வாணி, நான் வாசிக்கறேன்" என்றபோது அவள் தலையைத் தூக்கி, "நீங்களாங்க்கா?" என்று மட்டும் கேட்டாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராஜினாமா கொடுத்தவள் எதற்குச் சிரிக்க வேண்டும்? வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கேக் வெட்டிவிட்டு, எல்லாரோடும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தப் போட்டோவில் தான் எங்கே நிற்பது என்று அரசி ஏற்கெனவே யோசித்துவிட்டாள், பக்கத்தில் நின்றால் நடிப்பு, ஓரத்தில் நின்றால் பகை. சை, என்ன யோசனை இது. ராஜினாமா வந்த பிறகு நிறுவனத்தின் டைரக்டர் பத்மநாபன் அரசியைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்து, மோர் வந்தபோதே தெரிந்துவிட்டது ஏதோ சரியில்லை என்று, "டெக்னிக்கலா உங்களை அடிச்சுக்க ஆளில்லீங்க, ஆனா" என்றார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி அவளுக்குக் காதில் விழவில்லை. மனுசங்களை வச்சு வேலை வாங்கறது வேற திறமை. ரெண்டு பேர் போயிட்டாங்க. வாணியும் போனா மூணு. வாணியைத் தங்க வைக்க முடியுதான்னு பாருங்க, முடியலைன்னா நீங்க பழையபடி உங்க சீட்டுக்கே போயிடலாம், சம்பளம் குறையாது, கௌரவம் குறையாது, மேனேஜரா வேற ஆளைப் போட்டுக்கறோம். வேற ஆள் என்றால் பேசத் தெரிந்த ஆள். அதில் என்ன நஷ்டம், சந்தோஷமாகப் போக வேண்டியதுதானே? டேட்டாபேஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், தப்பாகக் கேட்டால் தப்பு என்று சொல்லும், மனசுக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் மெயில் அனுப்பாது. போய்விடலாம்தான். ஆனால் அன்றைக்கு மோர் டம்ளரைக் கீழே வைத்தபோது அவள் நினைத்தது நாற்காலி போவதை அல்ல. வாணி போகிறாள் என்பதைத்தான். அந்தப் பெண்ணுக்கு அவள்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள், அந்தப் பெண் எழுதுகிறதைப் படித்தால் தான் எழுதியதைப் படிக்கிற மாதிரியே இருக்கும், சில நாள் அதைவிட நன்றாகவும் இருக்கும், இதை ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாளா? இல்லை. நன்றாக இருந்தால் எதற்குச் சொல்ல வேண்டும், நன்றாக இல்லையென்றால்தானே சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

பேசத் தெரிந்த ஆளையும் அவள் பார்த்திருக்கிறாள், பார்க்காமலில்லை. செல்வின் சார். இவளுக்கு முன்னால் இந்தக் குழுவுக்கு மேனேஜர். ஐயோ, என்ன மாதிரி மனுஷன். யாருக்கு எப்போது பிறந்தநாள், யார் வீட்டில் யாருக்கு ஆபரேஷன், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், அத்தனையும் விரல்நுனியில். புது மென்பொருள் ரிலீஸ் என்றால் அட்டைப் பெட்டி நிறைய முட்டை பப்ஸோடு வந்து நிற்பார். திரையைப் பார்த்து, "இது என்ன கலரு சிவப்பா இருக்கு, நல்லதா கெட்டதா?" என்று கேட்பார். அரசிதான் முதலில் சிரிப்பாள். சார் பப்ஸ் மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவள்தான். சிரித்ததற்கு நியாயம் இருந்தது, வாடிக்கையாளர் எந்தத் தேதியைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்று சொல்லிவிடுவார், அது முடியுமா முடியாதா என்று அவருக்கே தெரியாது, தெரியாதது அவருக்கு ஒரு கவலையாகவும் இருக்காது, அப்புறம் இவர்கள் நாயாய் அலைவார்கள். அந்தத் தேதிகளால்தான் ஒரு பெரிய வாடிக்கையாளர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பேசத் தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அரசிக்கு இன்னமும் ரத்தம் கொதிக்கும். ஆனால் செல்வின் சார் போன அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள், அரசியும் அழுதாள், பாத்ரூமில் போய்த் தண்ணீர் அடித்துக் கழுவியும் கண் சிவந்தே இருந்தது. எதற்கு அழுதோம் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. ஒரு தடவை, காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தாள், யாருக்கும் சொல்லவில்லை, அவள் மேசைப் பக்கமாக நடந்து போனவர் திரும்பி வந்து, "ஏன் அரசி இன்னிக்கு யாரையும் திட்டலை? வீட்டுக்குப் போ" என்றார். சிவப்பு நல்லதா கெட்டதா என்று தெரியாத மனுஷனுக்கு அது தெரிந்தது. எப்படித் தெரிந்தது? அதற்கு ஏதாவது தாள் இருக்கிறதா, வரி வரியாக? இருந்தால் அரசி ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவாள்.

பாதி தாண்டிவிட்டது பட்டை. ஏதாவது பேச வேண்டும். மேனேஜர்கள் பேச வேண்டும் என்றுதான் மேனேஜரானபோது அனுப்பிய இரண்டு நாள் பயிற்சியில் சொன்னார்கள், வேலையைப் பற்றி அல்லாமல், சொந்த விஷயமாக, அக்கறையோடு. அரசி தொண்டையைச் செருமினாள். "சத்தியமங்கலத்துல மழையா வாணி?" வாணி திரும்பவில்லை. "தெரியலீங்க்கா. நாங்க கோபி." இர்ஃபான் பன்னைக் கடித்தபடியே நின்றுவிட்டான், சிரிப்பை அடக்கியதில் தேங்காய்ப் பூ மேசையில் சிதறியது. கோபியா? மூன்று வருஷமாக இவள் ஊர் சத்தியமங்கலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், போன பொங்கலுக்கு 'சத்திக்கு எப்பக் கிளம்பறே' என்றுகூடக் கேட்டாளே, அந்தப் பெண் என்ன பதில் சொன்னது? 'சாயங்காலம் கிளம்பறேனுங்க்கா' என்றது. திருத்தவில்லை. எதற்குத் திருத்தவில்லை? திருத்தினால் அக்கா கேட்க மாட்டாள் என்று நினைத்திருக்கும். அரசிக்குக் காது சூடானது. இந்த அக்கறை எல்லாம் தனக்கு வராது, அது பிறவியிலேயே வர வேண்டும், தன்னைச் செய்தபோது அதைப் போட மறந்துவிட்டார்கள். மோகன் சொல்வான், அவள் வீட்டுக்காரன், பம்புசெட்டு விற்கிறவன், பேசியே விற்கிறவன், "நீ சொல்றதெல்லாம் சரிதான் தாயி, சொல்லும்போது எதிர்ல ஒரு ஆளு இருக்கறதுதான் உனக்கு மறந்து போயிடுது." போடா என்றாள் அன்றைக்கு. மகள் இனியா அடுத்த வாரமே நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். பின்னக் கணக்கு. குழந்தை தப்பாகப் போட்டிருந்தது, அரசி அடுப்பில் ரசம் வைத்துவிட்டு வந்து ரப்பரால் அழித்து அழகாகப் போட்டுக் கொடுத்திருந்தாள், எவ்வளவு சுத்தமாக, ஒவ்வொரு படியாக. "இது என் கையெழுத்து இல்லைன்னு மிஸ் சொல்லிட்டாங்கம்மா. கணக்கு சரியாம், ஆனா எனக்கு மார்க் இல்லையாம்." அப்போதுகூட அந்த மிஸ் மேல்தான் கோபம் வந்தது. கணக்கு சரிதானே, சரியாக இருப்பது போதாதா, இன்னும் என்னதான் வேண்டும் இந்த ஊருக்கு?

இன்னும் என்ன வேண்டும் என்பதில் வந்து ஒவ்வொரு தடவையும் நிற்கிறது மனசு, நின்று, போன மாதத்துக்குப் போகிறது. ஈரோடு. இதே நாற்காலி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாணி அடித்தாள், டீம் ஆளுங்களையே செய்யச் சொல்லுங்க என்று பத்மநாபன் பிடிவாதமாகச் சொன்னதால். இர்ஃபான் வாசித்தான். அரசி பின்னால் நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. முதல் தவணை முடிந்தது, இரண்டாவது தொடங்கப் போகிற நேரத்தில் சிக்கியது. கம்ப்யூட்டருக்குள் முடியாமல் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பழைய வேலை அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அரசிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, இரண்டு வரி அடித்தால் போதும். வாணி பார்த்துக்கொண்டே இருந்தாள், அங்கே தேடினாள், இங்கே தேடினாள், போன் லைனில் ஈரோட்டுக் கூடத்துக்காரர் மூச்சு விடுவது கேட்டது, அரசியால் முடியவில்லை. "நகரு" என்றாள். நகரு. நாற்காலியைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டாள், வாணியோடு சேர்த்து. அந்தச் சக்கரம் தரையில் உருண்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. நின்றுகொண்டே அடித்தாள், இரண்டு வரி, விட்டது. இர்ஃபான் அடுத்த வரியை வாசிக்கப் போனான், "வாசிக்க வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று அவள்பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனாள், எவ்வளவு நாளாயிற்று இப்படி அடித்து, விரல்கள் தண்ணீரில் இறங்கிய மாதிரி இருந்தது. இரண்டாம் தவணை ஓடத் தொடங்கியது, முடிந்தது, லைனில் ஈரோட்டுக்காரர் கைதட்டினார், "மேடம் இருந்ததால தப்பிச்சோமுங்க" என்றார். திரும்பினாள், வாணி பின்னால் இல்லை. எப்போதோ கோபித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய், அங்கே எதையோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்திருந்தது. மூன்றாம் நாள் ராஜினாமா மெயில் வந்தபோது, அப்போதே அதைத்தான் அடித்திருக்கிறாள் என்று அரசி முடிவு செய்துவிட்டாள். நாற்காலியைத் தள்ளியது தப்புதான். அதை ஒப்புக்கொண்டுவிட்டாள், மோகனிடம் சொன்னாள், பத்மநாபனிடம் சொன்னாள். ஆனால் அது மட்டும்தானா? ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. நகரு என்றதற்கும் கைதட்டலுக்கும் நடுவில். நினைக்கப் போனால் விரல்கள் ஓடின சுகம் மட்டும்தான் வருகிறது, அதற்குக் கீழே ஏதோ ஒரு குரல், சின்னக் குரல். என்ன சொன்னது? கடைசி என்டருக்கு முன்னால். அக்கா என்று ஆரம்பித்தது. அக்கா என்று ஆரம்பித்தது, நாம் 'இரு வாணி' என்றோம், அடித்தோம். அக்காவுக்கும் இருவுக்கும் நடுவில் ஒரு வார்த்தை.

அட.

'நில்லுங்க்கா' என்றாள். அதைத்தான் சொன்னாள். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பித் தாள்கள் படபடத்தன, அரசி அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னாள், நான் நிற்கவில்லை. நான் வைத்த முறை, யார் சொன்னாலும் கையைத் தூக்க வேண்டும் என்று அத்தனை பேரையும் உட்கார வைத்து நானே சொன்னது, அந்த வார்த்தையை இந்த அறையில் அதுவரைக்கும் யாருமே சொன்னதில்லை, முதல் தடவையாக ஒருத்தி தைரியம் வந்து சொன்னாள், 'இரு' என்றேன். இருபத்தேழு வயசுப் பெண் லைனில் ஆள் இருக்கும்போது, தன்னைவிட எல்லாம் தெரிந்தவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும். எதற்குச் சொன்னாள்? இந்த ஒரு மாதத்தில் எதற்குச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. எல்லாம் நன்றாக முடிந்துவிட்டதே, கேட்க என்ன இருக்கிறது என்று. இப்போது கேட்கலாமா? கேட்டால் தங்க வைப்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைக்குமே. தங்க வைப்பதற்காகத்தான் கேட்கிறேனா? இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும்தான். பயம்தான் வந்தது, வேறென்ன, தன்னைப் பற்றியே இன்னும் எத்தனை விஷயம் இப்படித் தெரியாமல் கிடக்கிறதோ என்கிற பயம்.

"முடிஞ்சுதுங்க்கா" என்றாள் வாணி.

பட்டை முழுசாகப் பச்சையாகியிருந்தது. அரசி தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். "எண்ணிக்கையைச் சரிபார்." "எண்ணிக்கையைச் சரிபாக்கறேன்." விசைகள் தட்டுகிற சத்தம், நிதானமாக, ஒவ்வொன்றாக. இவள் கையில் அவசரமே இல்லை, தன்னிடம் கற்றுக்கொள்ளாதது அது ஒன்றுதான். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தது. "சரி." என்டர். "அனுப்பறதைத் திற." "திறக்கறேன்." "சரி." காத்திருந்தார்கள். காலையில் ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கட்டுக் கட்டாகச் செய்திகள் போயின, இர்ஃபான் தன் திரையைப் பார்த்து, "போயிடுச்சு, எல்லாம் போயிடுச்சு" என்று கட்டைவிரலைக் காட்டினான். அரசியின் கண் தாளில் இருந்தது, மனசு ஈரோட்டில் இருந்தது. எதற்குச் சொன்னாள்? முடிந்ததும் கேட்டுவிடுவது, டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய், கீழே பேக்கரிக்கு, இல்லை, டீ கொடுத்தால் மோர் கொடுத்த மாதிரி ஆகிவிடும், இங்கேயே கேட்பது, நேராக. வாய் தன்பாட்டுக்கு அடுத்ததைச் சொன்னது. "ரெண்டாம் தவணையைத் தொடங்கு."

வாணி திருப்பிச் சொல்லவில்லை. விசைச் சத்தமும் வரவில்லை. அரசி நிமிர்ந்து பார்த்தபோது அவளுடைய இரண்டு கையும் கீபோர்டுக்கு மேலே, அந்தரத்தில் இருந்தன.

"நில்லுங்க்கா."

அதே குரல். சின்னக் குரல், முதுகைக் காட்டிக்கொண்டு. அரசியின் உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியது. நான் எழுதின தாள், எனக்குத் தெரியாததா, பட்டை நின்றால் நேரம் போகும், கூடங்கள் காத்திருக்கும், என்ன சந்தேகம் இப்போது, இரு. 'இ' வரைக்கும் வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாயை மூடினாள். மூடினது வலித்தது, நிஜமாகவே தாடையில் வலித்தது. தாளை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையையும் அவளும் தூக்கினாள், முறைப்படி வாசிக்கிறவர் தூக்க வேண்டியதில்லை, ஆனாலும் தூக்கினாள், யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிற மாதிரி இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நின்னுட்டேன்" என்றாள் அரசி. "ஏன்னு சொல்றியா வாணி? சொல்லணும்னு இல்லை. தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன்."

வாணி மெதுவாக நாற்காலியைத் திருப்பினாள். அவள் முகத்தைப் பார்த்தால், திறக்காது என்று நினைத்துத் தட்டிய கதவு உடனே திறந்துவிட்ட மாதிரித் திகைத்துப் போயிருந்தது தெரிந்தது. "ஒரு வரியை விட்டுட்டீங்க்கா" என்றாள்.

அரசி குனிந்து பார்த்தாள். அனுப்புவதைத் திற. அதற்குக் கீழே, அவள் கையாலேயே எழுதிய வரி: அனுப்புவதை நிறுத்து. அதற்கும் கீழேதான் இரண்டாம் தவணை. கடவுளே. திறந்தது திறந்தபடி இருக்க இரண்டாம் தவணை ஓடியிருந்தால், வருஷக்கணக்கான பழைய முடிவுகள் அத்தனையும் இன்றைக்கு வந்த முடிவுகளாக ஊர் முழுக்கப் போயிருக்கும். எப்போதோ சரியாகிப்போன காமாலை, கலைந்துபோன கர்ப்பம். போன வருஷம் செத்துப் போனவருடைய போனை அவர் பெண்டாட்டி இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருப்பாள், அதில் டிங் என்று வந்து நிற்கும், உங்கள் முடிவு தயார் என்று.

"போன தடவையும் இதே வரிதானுங்க்கா" என்றாள் வாணி.

இர்ஃபான் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவன் மேசைதானே அது. படபடவென்று அடித்த சத்தம். ராஜினாமா மெயில் இல்லை. கோபித்துக்கொண்டு போகவுமில்லை. "நீதான் நிறுத்தினியா? அங்கிருந்து?"

"கட்டு கிளம்பறதுக்குக் கொஞ்சம் நேரமிருந்துச்சுங்க்கா. ஓடிப் போய் நிறுத்திட்டேன்."

"ஏன் என்கிட்டே சொல்லலை?"

"நில்லுங்கன்னு சொன்னேனுங்களே." குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "அப்புறம், ஏன் சொன்னேன்னு கேப்பீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். நீங்க கேக்கலீங்க்கா. அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, நான் சரியாச் சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான். அப்படி ஒரு இடத்துல எதுக்குங்க்கா இருக்கணும்?"

அன்றைக்குக் கைதட்டல் யாருக்குப் போயிருக்க வேண்டும்? மேடம் இருந்ததால தப்பிச்சோமுங்க. பேசத் தெரிவது ஒரு திறமை, வேலை தெரிவது ஒரு திறமை என்று இந்த அரை வருஷமாக இரண்டு தட்டில் வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தாளே, ஒரு பெண் சொன்ன ஒரு வார்த்தை காதில் விழாததற்கு எந்தத் தட்டில் இடம்? அது வேலையே தெரியாத குறை இல்லையா? ஊர் பேரைத் தெரிந்து வைத்திருப்பது, பப்ஸ் வாங்கி வருவது, அதெல்லாம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். கேட்பது வர வேண்டும். அது தாளிலேயே இருந்தது, அவளே எழுதியிருந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் வாணி" என்றாள். சொல்வதற்கு இவ்வளவுதான் இருந்தது. சொல்லிவிட்டால் மரியாதை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தது ஞாபகம் வந்தது, போனது மாதிரித் தெரியவில்லை, போயிருந்தாலும் இப்போது அதைத் தேடத் தோன்றவில்லை. "ஈரோட்டைக் காப்பாத்தினது நீ. நாளைக்கு நானே அவங்களுக்குச் சொல்றேன். உனக்காக இல்லை. நடந்தது அதுதானே."

வாணி கீபோர்டுக்குத் திரும்பிக்கொண்டாள். நில் என்று சொன்னால் அந்தப் பகுதியை முதல் வரியிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும், அதுவும் முறை. அரசி இந்தத் தடவை இனியா வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை வைத்துக்கொண்டு வாசித்தாள். சுண்டுவிரலுக்கும் வேலை கிடைத்தது. "அனுப்பறதை நிறுத்து." "நிறுத்தறேனுங்க்கா." திரையைப் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். "சரி." என்டர். "ரெண்டாம் தவணையைத் தொடங்கு." "தொடங்கறேன்." "சரி."

புதுப் பட்டை ஒன்று வந்தது, ஓரத்தில் துளியூண்டு பச்சையோடு. இர்ஃபான் பெரிய மூச்சாக விட்டு, பையைத் துழாவி இன்னொரு பன்னை எடுத்து மூன்றாகப் பிய்த்தான். ஃபேன் முனகியபடி அந்தப் பக்கம் திரும்பியது. கேட்க வேண்டும் போலிருந்தது அரசிக்கு, வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று, நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, ஆனால் இன்றைக்கு ஒன்று கேட்டாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது, அதற்கு மேல் அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்க அவளுக்கு உரிமை இல்லை. போவதானாலும் போகட்டும். போட்டோவில் பக்கத்திலேயே நிற்பது என்று முடிவு செய்தாள். பன் இனிப்பாக இருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா" என்றாள் வாணி, பட்டையைப் பார்த்தபடியே.

"சொல்லு வாணி."

"சேலத்துக்கு நீங்க அடிங்க்கா. நான் வாசிக்கறேன்."

சேலம் அடுத்த மாதம். வெள்ளிக்கிழமையோடு போகிறவள் அடுத்த மாதத்தைப் பற்றிச் சொல்கிறாள். அரசி மிச்சப் பன்னை மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, பன்னால்தான் என்று இர்ஃபான் நினைத்துக்கொள்ளட்டும். அப்படியானால் என்று ஆரம்பிக்கிற கேள்விகள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன, ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

"நீங்க ரொம்ப வேகமா அடிப்பீங்க்கா" என்றாள் வாணி. "நிறுத்தறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா?"

"சரி" என்றாள் அரசி.